சம்பந்தத்தின் சட்டைப்பை

ஊருக்கு ஓர் அரை மாத்திரை ஆசாமி உண்டு. டாக்டருக்குப் படித்தவர் அல்ல. டாக்டர் வீட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பழைய பத்திரிகை படித்தவர். உங்களுக்குத் தலை வலித்தாலும், தறிக்குழியில் இறங்க இடுப்பு மறுத்தாலும், மாமியார் வந்திறங்கினாலும் அவர் கை தன் சட்டைப்பைக்குத்தான் போகும். ஒரு வில்லையை எடுப்பார், நகத்தால் உடைப்பார், பெரிய பாதியை உங்களுக்குத் தருவார். "ஒண்ணும் ஆவாது, போடு." ஆவது அவருக்கா என்ன?

ஆரணியில் எங்கள் தெரு ஆசாமி சம்பந்தம், ரைஸ்மில் குமாஸ்தா. எண்பத்தேழில் ஒருநாள், ஊக்க மாத்திரை கொடுத்த எலியின் மூளையில் சில புரதங்கள் கூடுதலாக உண்டாகின்றன என்று படித்துவிட்டார். அது நல்லதா கெட்டதா என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. அடுத்த பக்கத்தில் யாரோ சுண்டல் மடித்துக்கொண்டு போயிருந்தார்கள். போனால் போகிறது! புரதம் என்றால் முட்டை, பருப்பு, சத்து. பள்ளிக்கூடத்துச் சுவரே சொல்கிறதே? மருந்துக்கடைச் சின்னதுரை தயவில் அந்த மாத்திரையும் சட்டைப்பைக்கு வந்து சேர்ந்தது.

அந்த வாரம் நெசவாளி சிவப்பிரகாசம், மகள் பொன்னம்மாளின் முகூர்த்தப் புடவையைத் தன் கையாலேயே நெய்துகொண்டிருந்தார். கல்யாணத்துக்கு நான்கு நாள். முந்தானை பாக்கி. கண் சொருகியது. சம்பந்தத்தின் கை சட்டைப்பைக்குப் போயிற்று.

"மாமா, இது மூளைக்கு நேரா புரோட்டீன் குடுக்குது. எலி இன்னா சுறுசுறுப்பா கீது தெரியுமா?"

"முட்டை கலந்ததா தம்பி?" என்று பதறினாள் சிவப்பிரகாசத்தின் மனைவி ரேணுகாம்பாள். சைவக் குடும்பம்.

"சுத்த சைவங்க்கா. அரைதான். ஒண்ணும் ஆவாது."

சிவப்பிரகாசத்துக்குத் தூக்கம் போயிற்று, பசியும் போயிற்று. ஒரு மாங்காய்ப் புட்டாவை நெய்தார், காம்பு கோணல் என்று பிரித்தார், திரும்ப நெய்தார், திரும்பப் பிரித்தார். சம்பந்தம் அந்தச் சுறுசுறுப்பைப் பார்த்துப் பூரித்து, தினம் ஒரு பாதி தந்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் ரேணுகாம்பாள் அளந்து பார்த்தாள். புடவை ஒரு விரல்கூட வளரவில்லை.

"இன்னாங்க, முந்தானி எங்க?"

"இரு, இந்த மாங்கா சரியா வரல. அப்புறம் ஜல்தியா ஆயிடும்."

அவள் தறி ஓரத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

பிற்பாடு நூலகத்தில் அதே இதழைத் தேடி அடுத்த பக்கத்தைப் படித்தேன். அந்த எலி கூண்டின் ஒரே கம்பியை நாளெல்லாம் கடித்துக்கொண்டே இருந்ததாம். மூளையில் கூடிய புரதம் சத்தல்ல. மாத்திரைக்குத் தக்கபடி மூளையையே மாற்றி அமைக்க வந்த ஆளாம்.

ஊர்ப் பெண்களுக்கெல்லாம் பட்டு நெய்த வீட்டின் பெண், கடையில் வாங்கிய புடவையில் மணையேறினாள். சிவப்பிரகாசம் நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை; தாம்பாளத்து வெற்றிலைகளின் காம்புகளை நேராக்கிக்கொண்டிருந்தார். சம்பந்தம் என் காதருகே குனிந்தார்.

"மாமா முகம் வாடிக் கீது, பாவம். அரை பத்தல. முழுசா குடுத்துருக்கணும்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்குத்தான் முடியவில்லை, மூன்று நாளாக முதுகில் ஒரு பிடிப்பு, குனிந்தால் நிமிர முடியவில்லை...

சார், உங்கள் கை எங்கே போகிறது?