அமெரிக்கா முறையில் ஆள் பொறுக்கிய கதை

அரைகுறையாக இங்கிலீஷ் படித்தவன் கையில் ஒரு நல்ல பத்திரிகை கிடைப்பது ஊருக்கே ஆபத்து. எங்கள் ஊருக்கு அந்த ஆபத்து என் உருவத்தில் வந்தது.

வெள்ளைக்காரன் காலம். நான் மதுரையில் இண்டர்மீடியட் வரை படித்துவிட்டு (பாஸானேனா என்று கேட்காதீர்கள், அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை) ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பியிருந்தேன். இங்கிலீஷ் தெரியும் என்கிற ஒரே தகுதிக்காகக் கட்சியில் என்னைக் காரியதரிசி ஆக்கியிருந்தார்கள். ஜில்லா போர்டுத் தேர்தல் வந்தது. எங்கள் பக்கத்துக்குக் கட்சி சார்பில் யாரை நிறுத்துவது என்பதில் மூன்று பேர் போட்டி.

ஒருவர் என் தாய்மாமன் தேவசகாயம். வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். கான்சாபுரத்துக் கடைமடை வயல்களுக்குக் கால்வாய்த் தண்ணீர் வரவேண்டும் என்று சைக்கிளை மிதித்து மிதித்து, பார்க்காத அதிகாரி இல்லை. குடியானவர்களுக்கு அவர்மேல் அப்படி ஒரு பிரியம். அவர் மகள் எஸ்தரைத்தான் எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆகவே மாமா ஜெயிப்பதில் எனக்கும் ஒரு அக்கறை உண்டு.

இரண்டாமவர் வத்திராயிருப்பு தோப்புக்காரர். கால்வாயின் தலைமடை முழுக்க அவர் நிலம். கடைமடைக்குத் தண்ணீர் வராததற்குக் காரணமே அவர்தான். ஆனால் கடைமடையில் உழுதவர்களில் பாதிப்பேர் அவர் நிலத்தையும் விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுது பிழைத்தவர்கள்.

மூன்றாமவர் ராஜபாளையத்து ராஜபார்ட் ரெங்கசாமி. நாடகத்தில் கிரீடம் வைத்துப் பழகியவர். எந்தத் தேர்தல் வந்தாலும் "நானும் நிக்கேன்" என்பார்.

ராஜபாளையத்தில் ஜவுளிக்கடை மாடியில் கமிட்டி கூடியது. மாமா ஒரு யோசனை சொன்னார்.

"ஒரு ரூமுக்குள்ள மூணு பானை வைப்போம். ஒவ்வொருத்தரா உள்ள போயி, பிடிச்ச ஆளு பானையில புளியங்கொட்டை போட்டுட்டு வரட்டும். யாரு போட்டாங்கன்னு யாருக்கும் தெரிய வேண்டாம்."

எவ்வளவு நல்ல யோசனை! உடனே நான் எழுந்தேன். (எழாமல் இருந்திருக்கலாம்.)

முந்தின வாரம்தான் ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில், அமெரிக்காவில் ஜனாதிபதி பதவிக்குக் கட்சிகள் எப்படி ஆள் பொறுக்குகின்றன என்று படித்திருந்தேன். அங்கே இரண்டு முறை. சில ராஜ்யங்களில் கட்சிக்காரர்கள் போய் ரகசியமாகச் சீட்டுப் போடுவார்கள். அதற்குப் பிரைமரி என்று பேர். வேறு சில ராஜ்யங்களில் எல்லாரும் ஒரு இடத்தில் கூடி, நேருக்கு நேர் பேசி, இன்னார் பக்கம் என்று வெளிப்படையாகக் காட்டி முடிவு செய்வார்கள். அதற்குக் காகஸ் என்று பேர். அப்படிக் கூட்டம் கூட்டினால் பணக்காரன் வைத்ததே சட்டம் ஆகிவிடுகிறது, அதனால்தான் பல ராஜ்யங்கள் ரகசிய ஓட்டுக்கு மாறின என்று அதே கட்டுரையின் பின்பாதியில் எழுதியிருந்தது. அந்தப் பாதியை நான் அப்போது படிக்கவில்லை. இங்கிலீஷ் கொஞ்சம் கடினமாகிவிட்டது.

"பானைக்குள் ஒளித்துக் கொட்டை போடுவது கோழைகளின் வழி! நெஞ்சை நிமிர்த்தி, இன்னார் பக்கம் என்று நின்று காட்டுவதே சுதந்திர புருஷனுக்கு அழகு!" என்று முழங்கினேன். அதோடு விட்டேனா? பத்திரிகையில் இல்லாத விதி ஒன்றையும் சேர்த்தேன். வந்த கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத அணி கலைக்கப்படும், அந்த அணிக்காரர்கள் மிச்சமுள்ள அணிகளில் ஒன்றில் போய் நிற்கவேண்டும். ராஜபார்ட்டின் ஆட்களை மாமா பக்கம் தள்ளிவிட நான் செய்த ராஜதந்திரம் அது.

தோப்புக்காரர் மீசையைத் தடவினார். "படிச்ச புள்ள சொல்லுதான். அப்படியே செஞ்சிருவோம். கூடுறதுக்கு என் மாந்தோப்பே இருக்கே" என்றார்.

என் பேச்சில் அவர் மயங்கிவிட்டதாக நினைத்தேன். கழுதைக்குக்கூட அந்த இடத்தில் சந்தேகம் வந்திருக்கும். மாமா என்னைப் பார்த்தார். "மாப்ள, நெசமாத்தான் சொல்லுதியா?" என்று மட்டும் கேட்டார். நான் அமெரிக்கப் புன்னகை ஒன்று செய்தேன்.

குறித்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்த கையோடு மாமாவும் நானும் வத்திராயிருப்பு போய்ச் சேர்ந்தோம். தோப்பு நிறைய ஜனம். மூன்று மாமரங்களைக் காட்டி, அணிக்கு ஒரு மரம் என்றேன். அட்டையைச் சுருட்டி வாயில் வைத்து, என் விதியை நானே கத்தினேன். "ம், நில்லுங்கள்!"

தோப்புக்காரர் தன் மரத்தடியில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவன் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சுதந்திர புருஷர்கள் வரிசையாக அவர் மரத்தடிக்குப் போனார்கள். போகிற வழியில் மாமாவின் மரத்தருகே செத்த நேரம் தயங்கினார்கள். ஒரு பெரியவர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அய்யா, மனசு இங்கனதான் கெடக்கு. காலுதான் அங்க போகுது. கோவிச்சுக்கிடாதிய."

"போங்கய்யா, போங்க. அவிய பாக்காக" என்று மாமாவே அவரை அனுப்பிவைத்தார்.

ராஜபாளையத்துக்காரர்களுக்குத் தோப்புக்காரரிடம் பயமில்லை. ஆனால் ராஜபார்ட் தன் மரத்தடியில் பாட ஆரம்பித்திருந்தார். அவர்கள் மொத்தமாகப் பாட்டுக் கேட்கப் போய்விட்டார்கள்.

மாமாவின் மரத்தடியில் மாமா இருந்தார். நான் இருந்தேன். கடையில் சைக்கிளுக்குக் காற்றடிக்கிறவர் இருந்தார். வேறு யாரும் இல்லை.

"காரியதரிசி தம்பி, அஞ்சுல ஒண்ணு தேறுதா? என்னமோ விதி சொன்னியே" என்றார் தோப்புக்காரர்.

கூட்டம் என்னைப் பார்த்தது. அட்டைச் சுருளை வாயில் வைத்து, என் வருங்கால மாமனாரின் அணி கலைக்கப்பட்டது என்று நானே அறிவித்தேன். கூட்டத்தில் ஒருவர் தெலுங்கில் "ஏமிரா இதி!" (என்னடா இது!) என்று தலையில் அடித்துக்கொண்டார். அதைவிடச் சரியான விமர்சனத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

மாமா மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். தோப்புக்காரர் நாற்காலிக்குப் பக்கத்தில் இடம் காட்டினார். மாமா அந்தப் பக்கம் திரும்பாமல் நேரே போய் ராஜபார்ட்டின் மரத்தடியில் நின்றார். ராஜபார்ட் அவர் தோளில் கைபோட்டு, அவர் பெயரையும் சேர்த்து ஒரு அடி பாடினார். அம்புட்டு அவமானத்திலும் மாமா சிரித்துவிட்டார். நானும் போய் அவர் பின்னால் நின்றேன். தோப்புக்காரர்தான் ஜெயித்தார். அமெரிக்காவுக்கு நன்றி சொல்லி எல்லாருக்கும் பானகம் ஊற்றினார். அடுத்த வருஷமும் கடைமடை காய்ந்துதான் கிடந்தது.

திரும்பும் வழியில் மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். ஊர் எல்லை வந்ததும் கேட்டார்.

"ஏலே, அமெரிக்காவுல எல்லாருமே இப்படித்தானா?"

"இல்ல மாமா. பாதி ராஜ்யத்துல ரகசிய ஓட்டுத்தான்."

சைக்கிள் நின்றது. "அப்போ எதுக்குலே நம்மள அந்த மிச்சப் பாதியில கொண்டுபோயித் தள்ளுன?"

நான் சைக்கிளின் பின்பக்கத்தைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தேன்.

ஆனாலும் அந்த மனுஷன் பெண் தர மறுக்கவில்லை. எஸ்தர் மட்டும் ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பினாள்: "வீட்டுல அவியளுக்கு ஓட்டு உண்டு. விதி போடுற வேல மட்டும் கூடாது."

அது இன்றும் அமலில் இருக்கிறது. போன மாசம் பேத்திக்குப் பேர் வைப்பது பற்றிப் பேச்சு வந்தது. ஆளுக்கொரு பேர் சொல்லிச் சத்தம் போட்டார்கள். நான் தொண்டையைக் கனைத்து, "இதற்கு முதலில் ஒரு முறை வகுத்துக்கொண்டால்..." என்று ஆரம்பித்தேன். மகன், மருமகள், மகள் எல்லாரும் எழுந்து எதிர்ச்சுவர் ஓரமாகப் போய் வரிசையாக நின்றுகொண்டார்கள்.

குழந்தையை மடியில் வைத்திருந்த எஸ்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உங்க அணி கலைஞ்சாச்சு. எந்திரிச்சுப் போயி அங்கன நில்லுங்க."

போய் நின்றேன்.