குழாய் வாசலில் ஆராய்ச்சியார்

மனித குலத்தில் ‘ஆராய்ச்சியார்’ என்றொரு பிரிவு உண்டு. வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு சோதனைக்கூடத்தில் மண்டையை உடைத்துக்கொள்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பாடெல்லாம் இவருக்கு எதற்கு? இவர் ஆராய்ச்சி செய்வதில்லை, சொல்வதோடு சரி. “ஆராய்ச்சியில சொல்லியிருக்காங்க” என்பார். யார் சொன்னார்கள், எங்கே சொன்னார்கள் என்று நீங்கள் கேட்டால் ஒரு சிரிப்புச் சிரிப்பார் பாருங்கள், அந்தச் சிரிப்புக்குப் பயந்தே பாதிப் பேர் ஒத்துக்கொள்கிறார்கள். மீதிப் பேர் அவருடைய சொந்தக்காரர்கள். வேறு வழியில்லாமல் ஒத்துக்கொள்கிறார்கள்.

நாம் பார்க்கப்போகிற ஆராய்ச்சியார் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் பிரிவு அதிகாரி. அவருடைய துறை, உடம்பின் வடிவம். நீங்கள் அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி நிமிர்வதற்குள் உங்களை ஏற இறங்கப் பார்த்து, நீங்கள் ஆப்பிளா, பேரிக்காயா, குழாயா என்று தீர்ப்பு எழுதிவிடுவார். வயிற்றில் சதை போட்டவர் ஆப்பிள். இடுப்புக்குக் கீழே போட்டவர் பேரிக்காய். எங்கேயும் போடாதவர் குழாய். கட்டிய மனைவிக்கே “நீ பேரிக்காய், பயப்படாதே, ஆப்பிளுக்குத்தான் ஆபத்து” என்று ஒருநாள் ஆறுதல் சொல்லி, இரண்டு நாள் தன் சாப்பாட்டைத் தானே பரிமாறிக்கொண்டவர். மச்சினன் ஆப்பிள். அவன் கேக்குத் தட்டுப் பக்கம் கையை நீட்டினால் போதும், “மாப்ளே, ஆராய்ச்சியில...” என்று ஆரம்பித்துவிடுவார். நீட்டிய கை மடிக்குப் போகும். கேக்கு ஆராய்ச்சியார் வாய்க்குப் போகும்.

அவர் சாப்பிடலாம். ஏனென்றால் அவர் குழாய். ஆதாரம்? அவருடைய கால்சட்டை. “கல்யாணத்தன்னிக்கு முப்பத்திரண்டு. இன்னிக்கும் முப்பத்திரண்டு!” என்று பெல்ட்டைத் தட்டிக் காட்டுவார். பொய்யில்லை, அளவு மாறவேயில்லை. கல்யாணத்தன்று தொப்புளுக்கு மேலே கம்பீரமாக நின்ற அந்த முப்பத்திரண்டு, வருஷத்துக்கு ஒரு விரற்கடையாக இறங்கி இறங்கி, இன்று தொப்பையின் அடிவாரத்தில், பேருந்துப் படிக்கட்டில் தொங்குகிற ஆள் மாதிரி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்படிப்பட்டவர் ஒரு விடுமுறை நாளில் குடும்பத்தோடு அறிவியல் பூங்காவுக்குப் போனால் என்ன ஆகும்?

மகளுக்கு எட்டு வயது. அவள் வந்தது ராக்கெட்டுக்காக, ராக்கெட்டுக்காக மட்டுமே. பூங்காவின் கடைசியில் ராக்கெட்டு வடிவத்தில் ஒரு ராட்டினம், உயரே போய்ச் சுற்றி இறங்கும். சின்னப் பிள்ளைகளோடு அப்பாவோ அம்மாவோ உட்கார வேண்டும் என்பது விதி. அம்மாவுக்கு ஊஞ்சலைப் பார்த்தாலே தலை சுற்றும். ஆகவே அப்பா.

“முதல்ல அறிவு, அப்புறம் ஆட்டம்,” என்றார் அப்பா.

அறிவு என்றால், பலகை. ஒவ்வொரு பலகை முன்னாலும் நின்று, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுவதுபோல உரக்கப் படித்தார். பிள்ளைகள் அழுத்த வேண்டிய பொத்தான்களையெல்லாம் அவரே முந்தி அழுத்தினார். எரிமலை மாதிரியின் பக்கத்தில் நின்ற வழிகாட்டிக்கு எரிமலையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். இடையிடையே எதிரில் வந்தவர்களை, “பேரி... ஆப்பிள்... ஆப்பிள்...” என்று பழக்கடைக்காரர்போலத் தரம் பிரித்துக்கொண்டே நடந்தார்.

“அப்பா, ராக்கெட்டு மூடிடுவாங்கப்பா.”

“ராக்கெட்டு எங்கயும் போயிடாதும்மா.”

போகிறதுதானே அதன் வேலை?

ஒருவழியாகக் கடைசிக் கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ‘உங்கள் உடல் என்ன வடிவம்?’ என்று பெரிதாக எழுதியிருந்தது. ஆராய்ச்சியாருக்குப் புகுந்த வீட்டில் பிறந்த வீட்டாரைப் பார்த்த மாதிரி இருந்தது. எதிரே, ஓரமெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த மூன்று வாசல்கள், மூன்று வடிவத்தில் வெட்டியவை. மூன்றுக்கும் அந்தப் பக்கம் ராக்கெட்டு.

“உங்க வடிவம் எதுன்னு நினைக்கிறீங்களோ, அந்த வாசல் வழியா வாங்க,” என்றாள் வழிகாட்டிப் பெண்.

மகள் குழாய் வாசலில் அம்புபோலப் பாய்ந்தாள். அம்மா பேரிக்காயில் நுழைந்து நிம்மதியாக வெளியே வந்தாள். மச்சினன் ஆப்பிள் வாசலில், சொந்த வீட்டுக்குள் போகிறவன்போலக் கையை வீசிக்கொண்டு போனான். ஆராய்ச்சியார் குழாய்க்கு முன்னால் நின்றார். பக்கவாட்டில் திரும்பினார். மூச்சை உள்ளே இழுத்தார். நுழைந்தார்.

உண்மையைச் சொல்ல வேண்டும், போயிருப்பார். முக்கால்வாசி போய்விட்டார். ஆனால் அந்த வாசலின் உட்பக்கத்தில் எந்தப் புண்ணியவானோ ஒரு சின்னப் பலகையை மாட்டிவைத்திருந்தான். பலகையைக் கண்டால் சும்மா போகிற ஆளா? “வயிற்றுச் சதையும் உடல் வடி...” என்று உரக்க ஆரம்பித்தார். படிக்க மூச்சு வேண்டுமே! விட்டார். வயிறு தன் இயல்பான இடத்துக்குத் திரும்பியது. வாசல் அடைபட்டது.

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. “கடைசிச் சுற்று! ஏறுறவங்க வாங்க!”

“அப்பா!”

“இந்தக் கதவோட அளவு தப்பு,” என்றார் வாசலுக்குள்ளிருந்து. “நான் முப்பத்திரண்டு.”

வழிகாட்டிப் பெண் நாடாவோடு வந்து தொப்புள் பக்கம் வைத்தாள்.

“அங்க இல்லம்மா, கீழ. கால்சட்டை நிக்கிற இடத்துல.”

“தொப்புள்கிட்டதான் சார் அளக்கணும்.”

“கால்சட்டை எப்பவோ குடிபெயர்ந்து போயிடுச்சும்மா,” என்றாள் மனைவி அந்தப் பக்கத்திலிருந்து. “இவருக்குத்தான் இன்னும் யாரும் சொல்லல.”

“மாமா, அப்படியே பின்னால போயி நம்ம வாசல் வழியா வாங்க,” என்றான் மச்சினன். அந்த ‘நம்ம’வில் எத்தனை வருஷத்துக் கேக்கு இருந்தது!

“அது ஆப்பிள் வாசல்டா.”

“இடம் நல்லா தாராளமா இருக்கு மாமா.”

ஆராய்ச்சியார் மகளைப் பார்த்தார். அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது ஆராய்ச்சி சொல்லிச் சமாளித்திருப்பார். உதட்டைக் கடித்துக்கொண்டு, ராக்கெட்டை ஒரு பார்வை, அப்பாவை ஒரு பார்வை, மறுபடி ராக்கெட்டை ஒரு பார்வை.

பின்வாங்கினார். பஞ்சு ‘பொசுக்’கென்று அவரை விடுவித்தது. இத்தனை வருஷத்து மானத்தை அந்தப் பக்கமே போட்டுவிட்டு, ஆப்பிள் வாசலுக்குள் ஓடிவந்தார். ஒரு கை மகளைப் பிடித்தது, மறு கை கால்சட்டையைப் பிடித்தது. ராக்கெட்டின் கதவைச் சாத்துவதற்குள் இருவரும் ஏறிவிட்டார்கள்.

உயரே போனதும் அவர் தன் வயிற்றை மறந்துபோனார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மகளைவிடப் பெரிதாகக் கூச்சல் போட்டது அவர்தான்.

இறங்கியதும் மச்சினன் காத்திருந்தான். கையில் ஒரு கேக்குத் துண்டு, இந்தத் தடவை தைரியமாக.

“மாப்ளே,” என்றார் ஆராய்ச்சியார், மூச்சு வாங்கிக்கொண்டே, “வயித்துல கொஞ்சம் கனம் இருந்தாத்தான் மேல போறப்ப பயம் தெரியாதாம். ஆராய்ச்சியில சொல்லியிருக்காங்க.”

“எந்த ஆராய்ச்சியில மாமா?”

“இப்பத்தான் முடிச்சிட்டு வர்றேன்,” என்றவர் கேக்கில் பாதியைப் பிய்த்துக்கொண்டார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கிறாரே என்றுதானே சிரிக்கிறீர்கள்? சிரியுங்கள். ஆனால் அந்த வாசலைப் பற்றிப் படித்தபோது ஒரு மூச்சை உள்ளே இழுத்தீர்களே, அதை இனி வெளியே விடலாம். இங்கே நாடா வைத்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை.