பாகாலாவின் அரகண்ட அக்கா

பாகாலா ஜங்ஷனில் ரயிலைக்கூட அவசரப்படுத்திவிடலாம். அரகண்ட அக்காவை அவசரப்படுத்த முடியாது. ஊர் சுகாதார நிலையத்தில் புதன்கிழமைதோறும் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நர்ஸ் அவர். தெலுங்கில் அரகண்ட என்றால் அரை மணி நேரம். ஊசி போட்டபின் குழந்தையோடு அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும் என்பது விதி. யாரும் நழுவிவிடக் கூடாதென்று எல்லோருடைய தடுப்பூசி அட்டைகளையும் நாற்காலியில் அடுக்கி, அதன்மேல் உட்கார்ந்துகொள்வார்.

"எக்கா, சித்தூர் பஸ்ஸு பூடும்க்கா!"

"பூட்டா இன்னொண்ணு வரும். வழியில கொயந்தைக்கு எதுனா ஆனா கண்டக்டரா பாப்பான்? ஒக்காரு."

ஒருமுறை மேலதிகாரி திடீரென்று வந்து நின்றார். எல்லோரும் எழுந்தோம், அக்கா எழவில்லை. "இங்க்கா ஏடு நிமிஷாலு சார்" என்றார். இன்னும் ஏழு நிமிடம். பாவம், அதிகாரியும் நின்றுகொண்டே காத்திருந்தார்.

நான் திருவள்ளூர்க்காரி. கணவருக்குத் திருப்பதியில் வேலை; விடியுமுன் போனால் இருட்டியபின்தான் வருவார். எனக்கோ அப்போது தெலுங்கு சுத்தமாக வராது; எங்கள் தெருவில் தமிழ் பேசுவோரும் இல்லை. பகலெல்லாம் பேச்சுத்துணைக்கு ஆறு வாரப் பாப்பா. அவளுக்கும் அழ மட்டும்தான் தெரியும்.

முதல் போலியோ ஊசியை அக்கா அவள் வலது மேற்கையில், தோலுக்குள் துளியூண்டு ஏற்றினார். ஊசி சரியாக இறங்கியதற்கு அடையாளமாகக் குட்டிக் கொப்புளம் எழும்பியதும் தன் மகளே வகுப்பில் முதலாவதாக வந்ததுபோல் பூரித்துப்போனார்.

"வாயிலதான் சொட்டு வுட்டீங்களே, ஊசி எதுக்குக்கா?" என்று கேட்டேன்.

"வூட்டுக்கு முன்வாசலும் கீது, பின்வாசலும் கீது. ரெண்டையும் பூட்டணுமா, வாணாமா?"

பிறகு தமிழிலேயே விசாரணை தொடங்கியது. இன்னா கொழம்பு வெச்ச? ராத்திரி தூங்கினியா? கண்ணு ஏன் வீங்கிக் கீது? மற்றவர்களுக்கு அந்த அரை மணி நேரம் தண்டனை. எனக்கு அது போதவில்லை. குழந்தையின் அடுத்த ஊசி எப்போது வரும் என்று காலண்டரைப் பார்த்து ஏங்கிய தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒன்பதாம் மாதம் மூன்றாவது போலியோ ஊசி இடது கையில் இறங்கியது. "அவ்ளோதான். இனிமே பதினாறாம் மாசம் வந்தா போதும்" என்றார் அக்கா. இன்னும் ஏழு மாதம் நான் யாரோடு பேசுவேன்?

அடுத்த புதன்கிழமையே ஒரு பொய்யோடு போய் நின்றேன்.

"ஊசி போட்ட கை வீங்கினா மாரி கீதுக்கா."

பாப்பாவை ஜன்னலோரம் தூக்கிப்போய், கையைத் தடவித் தடவிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கூட்டம் கலையும்வரை என்னை உட்கார வைத்தார். பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து, எலுமிச்சை சாதத்தில் பாதியை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"கைக்கு ஒண்ணும் இல்ல. துன்னு. நானும் எத்தினியோ வருசமா தனியாதான் துன்னுக்கினு கீறேன்."

ஒரு வாய் அள்ளினேன். "அடுத்த வாரமும் வரட்டாக்கா?"

"வா. பொய் சொல்லாம வா."

போனேன், ஒரு வாரம்கூட விடாமல். ஆனால் பாப்பாவின் பதினாறாம் மாதம் வருவதற்குள் அக்காவை எட்டாத தொலைவில் சாந்திபுரம் பக்கம் மாற்றிவிட்டார்கள். இப்போது எனக்குத் தெலுங்கும் வருகிறது, தெருவில் நாலு பேர் பழக்கமும் இருக்கிறது. ஆனாலும் புதன்கிழமை மதியம் சோற்றில் கை வைத்தால், அக்காவோடு இன்றைக்கு யாராவது உட்கார்ந்து சாப்பிட வேண்டுமே என்று மனசு அடித்துக்கொள்கிறது.