வராத அக்காவுக்கு வளைகாப்பு விவரம்

அக்காள்மடம் கடற்கரை வீடு,
ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய தமக்கையார் பஞ்சம்மாள் அவர்களுக்கு இளைய சகோதரன் சேதுபதி பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் சோலையம்மாளும் சொந்தபந்தங்கள் யாவரும், சாப்பாட்டிலும் படுக்கையிலும் காதுக்குள்ளும் மணல் இருப்பது தவிர வேறு குறையின்றி நலம். அங்கே தாங்களும் அத்தானும் கறவை மாடுகளும் களத்தில் காயும் மிளகாயும் நலமாயிருக்க ராமநாதசுவாமி துணை நிற்பாராக.

தாங்கள் என் போனை எடுப்பதில்லை. நம் தம்பி பாண்டித்துரை ஆரம்பித்த வாட்ஸ்அப் குழுவில் தங்களைச் சேர்த்தால் வெளியேறுகிறீர்கள். மறுபடி சேர்த்தால் மறுபடி வெளியேறுகிறீர்கள். ஆகவே கடிதம். இந்தத் 'தாங்கள்' போட்டே எனக்கு அதற்குள் மூச்சு வாங்குகிறது. நீ என்றே எழுதுகிறேன். கோபம் வேறு, பழக்கம் வேறு.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் சத்யப்பிரியாவின் வளைகாப்பு நேற்று இனிதே நடந்து முடிந்தது. முதல் வளையலை அத்தைதான் போட வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். அத்தை வரவில்லை. அதற்காக வளையல் காத்துக்கொண்டிருக்குமா? போட வேண்டியவர் போட்டார், போட்டுக்கொள்ள வேண்டியவள் போட்டுக்கொண்டாள். யார் போட்டது என்று கேட்காதே. நீ வராததை இங்கே ஒருவரும் ஒரு குறையாக நினைக்கவில்லை என்பதைத் தெரிவிக்கத்தான், மூட்டை கட்டுகிற அவசரத்திலும் இதை எழுதுகிறேன்.

உன் மகன் இருளாண்டிக்கு என் மகளைத் தரவில்லை என்பது உன் வருத்தம். முறைப்பெண் முறைமாப்பிள்ளையை விட்டுவிட்டு, கூடப் படித்த சாருஜனை, மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்த இலங்கைப் பையனை, தானே தேர்ந்தெடுத்துக்கொண்டாள். 'இனி என் தம்பி வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்' என்று நீ சொன்னது கமுதி சந்தை வரைக்கும் தெரியும். அதை மதித்துத்தான் விழாவை என் வீட்டில் வைக்காமல், அய்யா நம் மூன்று பேருக்கும் பொதுவாக விட்டுப்போன இந்த வீட்டில் வைத்தேன். இந்த வாசப்படியில் மூன்றில் ஒரு பங்கு உனக்குச் சொந்தம். உன் பங்குப் படியை மட்டும் மிதித்து உள்ளே வந்திருக்கலாம். சட்டப்படி உன் சபதத்துக்கு ஒரு பழுதும் வந்திருக்காது. வரவில்லை. போகட்டும். வராமல் நீ தப்பித்தது எதிலிருந்து என்றாவது தெரிந்துகொள்.

சம்பந்தி குலசேகரமும் அவர் மனைவி சிவமணியும் விடிந்ததுமே சத்யாவையும் மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு இங்கே வந்து, வீட்டைக் கழுவி, வாழை கட்டிவிட்டார்கள். நாங்கள் பரமக்குடியிலிருந்து ஒரு வேன் நிறையக் கிளம்பினோம். உச்சிப்புளி தாண்டும்போது சம்பந்தியிடமிருந்து பாண்டித்துரைக்குப் போன். 'ஒண்டும் அவசரமில்லை, நீங்கள் ஆறுதலா வாங்கோ' என்றாராம். நிதானமாக வாருங்கள் என்பதைத்தான் அவர்கள் பக்கம் அப்படிச் சொல்வார்கள். நம் தம்பி தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தெரியாததை இன்னொருவரிடம் கேட்கிற வழக்கம் அவனுக்கு இல்லை. போனை மடியில் வைத்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். 'ஆறுதல் சொல்ல வரச் சொல்றாக. அங்கன ஏதோ ஆகிப்போச்சு' என்றான். அவ்வளவுதான், பின் சீட்டில் இருந்த நம் சின்னம்மா வகையறா ஒப்பாரியை எடுத்துவிட்டது. போனது ஆணா பெண்ணா என்று தெரியாததால் 'ராசாவே' என்றும் 'மகராசியே' என்றும் மாற்றி மாற்றிப் பாடினார்கள். நான் சத்யாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தாளாம். அந்தச் சில நிமிடம் நான் பட்ட பாட்டை எழுத முடியாது அக்கா. பாம்பன் பாலத்தின் மேல் நின்று ரயில் பாலத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள், எங்கள் வேன் போன சத்தத்தைக் கேட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள்.

வீட்டு வாசலில் ஆலத்தித் தட்டோடு நின்ற சிவமணி அம்மா, அழுதபடி இறங்கிய கூட்டத்தைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு 'ஐயோ' என்று ஓடிவந்து சோலையம்மாளைக் கட்டிக்கொண்டார். நம் பக்கம் யாரோ போய்விட்டார்கள் என்று அவர் நினைப்பு. அவர் அழுகிற அழுகையைப் பார்த்ததும் நம் ஆட்களுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. இரண்டு பக்கமும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், முதுகைத் தடவிக்கொடுக்கிறார்கள், 'நீங்கதான் தைரியமா இருக்கணும்' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். செத்தது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை; கேட்டால் மரியாதையாக இருக்காதே! கடைசியில் சத்யாதான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்து, 'இங்கன யாருக்கு என்ன ஆச்சு? எல்லாரும் ஏன் அழுகுறீக?' என்றாள். அவளைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பட்ட அவமானத்தை மறைக்கப் பாண்டித்துரை உடனே ஏதாவது ஒன்றில் கெட்டிக்காரனாக வேண்டியிருந்தது. சாமான்களை ஏன் சுமக்க வேண்டும், வேனைக் கடல் பக்கமாக வீட்டுப் பின்வாசலுக்கே கொண்டுவந்துவிடலாம் என்றான். 'மணல் பொதபொதன்னு இருக்குங்க சார்' என்றார் டிரைவர். 'முப்பது வருசமா பாக்குற மணல், வாங்கய்யா' என்றான் இவன். வேன் பத்தடி போனது, பிறகு கீழே போனது. எல்லாரும் சேர்ந்து தள்ளினோம், இன்னும் கீழே போனது. கரிசல் காட்டில் பிறந்த நமக்கு மண்ணென்றால் காலைப் பிடித்துக்கொள்ளும் என்றுதான் தெரியும். வண்டியையே விழுங்கும் என்று யார் கண்டது? தண்ணீர் ஏறி வந்து பின்சக்கரத்தை நக்க ஆரம்பித்ததும் டிரைவர் சேதுக்கரை ஆஞ்சநேயரைக் கூப்பிட்டுவிட்டார். இந்தக் களேபரத்தில் வீட்டு முன்பக்கத்தில் இலை போட்டு வைத்திருந்த புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு எல்லாவற்றையும் தெருவில் போன ஆடுகள் நின்று நிதானமாக, அவர்கள் சொல்கிற ஆறுதலாக, சாப்பிட்டு முடித்தன.

அப்போதுதான் ஒரு டிராக்டர் வந்தது. அதை ஓட்டி வந்த உறவினரின் பெயரை வெளியே சொல்வதில்லை என்று நான் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். ஆகவே சொல்ல மாட்டேன். உயரமான ஆள். இடது புருவத்தில் ஒரு தழும்பு. சிறு வயதில் உன் வீட்டு வேப்பமரத்திலிருந்து விழுந்தது. டிராக்டரின் நெற்றியில் அத்தான் பெயரும் உன் பெயரும் எழுதியிருந்தன. இதற்கு மேல் ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது.

'மாமா, மிளகாய் மூட்டைய ராம்நாட்டு மண்டிக்குக் கொண்டு போறேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன். காட்டிக் குடுத்துராதீக' என்றார் அந்த உறவினர்.

'ஏலே, மண்டியத் தாண்டி கடலுக்கே வந்துட்டியேடா' என்றேன்.

'சத்யாவுக்கு வளைகாப்பு. நான் வராம எப்படி?'

டிரெய்லரைக் கழற்றி மூட்டைகளோடு நிறுத்திவிட்டு, கயிறு கட்டி ஒரே இழுப்பில் வேனை வெளியே எடுத்தார். உட்கார இடமில்லாத பெரியவர்கள் எல்லாம் அந்த மிளகாய் மூட்டைகளின் மேல் உட்கார்ந்ததால் பிற்பகல் முழுக்க ஒரே தும்மல். பாண்டித்துரை குடும்ப ஒற்றுமையைப் பற்றிப் பேச எழுந்தபோது ஒரு வாக்கியத்தையும் முடிக்க முடியவில்லை. அந்த அளவில் உன் மிளகாய்க்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

கொஞ்ச நேரத்தில் அந்த உறவினர் மாப்பிள்ளையைத் தனியாகக் கடல் பக்கம் அழைத்துக்கொண்டு போனார். முறைமாப்பிள்ளை அல்லவா, மனதில் என்ன இருக்கிறதோ என்று பின்னாலேயே போனேன். இரண்டு பேரும் தோளில் கை போட்டு நிற்கிறார்கள். 'சத்யாவுக்குக் கோவம் வந்தா மொதல்ல மூக்கு செவக்கும். அப்பவே எந்திரிச்சுப் போயிரணும். நான் மரத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன், தள்ளி விட்டுட்டா' என்று புருவத்தைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை மிகுந்த கவனத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். 'இவளைப் போய் என்னக் கட்டிக்கச் சொல்லுச்சு எங்கம்மா. தப்பிச்சேன் மாமா. ஆனா அதச் சொன்னா அம்மா மனசு ஒடஞ்சுபோகும்' என்று என்னிடம் சொன்னார். இதை நான் உனக்கு எழுதவில்லை. நீயும் படிக்கவில்லை.

சாப்பாட்டுக்கு என்ன வழி என்று சோலையம்மாள் தலையில் கை வைத்தபோது சிவமணி அம்மா முகாமுக்குப் போன் செய்தார். வெயில் இறங்குவதற்குள் தட்டுத் தட்டாக இடியப்பமும், பானையில் தேங்காய்ப்பால் சொதியும், தேங்காய்ச் சம்பலும் வந்து சேர்ந்தன. கொண்டுவந்தவர்களும் இருந்து சாப்பிட்டார்கள். நம் சின்னம்மா வகையறா சொதியைப் பார்த்து 'இதென்ன பாலு?' என்று முகம் சுளித்தது. பிறகு பானையைச் சாய்த்து வழித்தது.

குலசேகரம் மட்டும் சாப்பிடாமல் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏகப்பட்ட குளறுபடியாகிவிட்டதே என்று நான் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

'என்ன சம்பந்தி கதைக்கிறியள்?' என்றார், மகனைக் காட்டி. 'இவன் தாயின்ட வயித்தில இருக்கேக்கதான் நாங்கள் வள்ளம் ஏறினது. இஞ்ச வந்து இறங்கேக்க எங்களுக்கெண்டு ஒரு சனமில்லை. இவளுக்கு வளைகாப்புமில்லை, ஒண்டுமில்லை. பிள்ளை பிறந்த சேதியச் சொல்லக்கூட ஒரு வீடு இல்லை. இண்டைக்கு என்ர பேரப்பிள்ளைக்கு, அழுறதுக்கே ஒரு வேன் சனம் வந்து இறங்கினது. எனக்குச் சந்தோசம் தாங்கேல்லை.'

நான் ஒரு தும்மல் தும்மிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டேன். என் கண் கலங்கியதற்கும் மிளகாய்தான் காரணம்.

இரவு படுக்க இடம் போதவில்லை. தாழ்வாரத்தில் பாதிப்பேர், வேனுக்குள் மீதிப்பேர். உன் பங்குக்கு விட்ட அறையை மட்டும் யாரும் திறக்கவில்லை. சோலையம்மாள் அதைக் கூட்டித் துடைத்து, புதுப்பாய் விரித்து, கதவைச் சாத்திவிட்டாள். பாண்டித்துரை இடுப்பு வலி என்று அந்தக் கதவில் கை வைக்கப் போனான். 'அது அக்கா ரூமு' என்று அவன் பெண்டாட்டியே அவனைத் திருப்பி அனுப்பிவிட்டாள். காலியாகக் கிடக்கிறது. கிடக்கட்டும்.

ஆக, நீ இல்லாமலே எல்லாம் சிறப்பாக நடந்தது. உனக்கு நாங்கள் ஒரு தொந்தரவும் தரவில்லை, இனியும் தர மாட்டோம். அத்தானுக்கு என் வணக்கம். முழங்கால் வலிக்குத் தைலத்தை விடாமல் தேய்த்துக்கொள். பிறக்கப்போகிற பிள்ளைக்கு உன் ஆசீர்வாதத்தை மனதுக்குள்ளாவது சொல்லிவிடு. அதற்கு எந்த வாசப்படியையும் மிதிக்க வேண்டியதில்லை.

உன் கோபத்துக்கும் அன்புக்கும் என்றும் உரிய தம்பி,
சேதுபதி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் சோலையம்மாள் பிடுங்கிப் படித்துவிட்டாள். 'வெக்கமா இல்ல உங்களுக்கு? நடந்தத எழுதுங்க, இல்ல நான் எழுதுறேன்' என்று நிற்கிறாள். எழுதுகிறேன்.

வளைகாப்பு நடக்கவில்லை. சத்யாவைப் பலகையில் உட்கார வைத்துச் சந்தனம் பூசியாயிற்று. சிவமணி அம்மா வளையலைக் கையில் எடுத்து, 'முதல் வளையல் ஆர் போடுறது?' என்று கேட்டார். சத்யா கை இரண்டையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

'அத்த வரட்டும்' என்றாள்.

'அத்த வராது தாயி' என்றேன்.

'என் கல்யாணத்துக்குத்தான் வரல. பிள்ளைக்கு வரும். எனக்குத் தெரியும் அய்யா' என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். அழவில்லை. அழுதிருந்தாலாவது நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

யாரும் மூட்டை கட்டவில்லை. ஊருக்குத் திரும்பும் பேச்சையே காணோம். சம்பந்தி வீட்டாரும் இங்கேதான் இருக்கிறார்கள். இதை உன் கையில் தருகிறவன் இருளாண்டிதான். அவனைத் திட்டாதே, நான்தான் அனுப்பினேன். ஜோசியர் குறித்துக்கொடுத்த நல்ல நேரம் நேற்றே போய்விட்டது. இனி நீ வந்து இறங்குவதுதான் அக்கா எங்களுக்கு நேரம்.