ஜெபத்துல வைப்போம்

குத்துக்கல்வலசை ஸ்டான்லிக்கு ஊரில் எதிரி என்று ஒருத்தரும் கிடையாது. அவனைக் குப்புறக் கவிழ்த்தது ஒரே ஒரு சொல். அதுவும் பரிசுத்தமான சொல். ஆமென்.

சனிக்கிழமை காலை, சாரல் பொசுபொசுவென்று விழுந்துகொண்டிருந்தது. ஸ்டான்லி வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து தன் புல்லட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்கு முந்தியே வாங்கின வண்டி. ஜெனியைப் பெண் பார்க்கப் போனதும் அதில்தான். தென்காசியில் பெயிண்ட் கடை வைத்து ஊருக்கெல்லாம் கலர் காட்டுகிறவன், தன் வண்டியை மட்டும் கறுகறுவென்று வைத்திருந்தான். குற்றால சீசன் வந்துவிட்டால் அதில் ஏறி டுபுடுபுவென்று ஐந்தருவிக்குப் போய்த் தலையைக் கொடுத்துவிட்டு வந்தால்தான் அவனுக்கு உயிர் தங்கும்.

அப்போதுதான் கடையநல்லூர் முகம்மது இஸ்மாயில் வந்தான். பழைய வண்டி வாங்கி விற்கிறவன், ஸ்டான்லியோடு ஒன்றாய்ப் படித்தவன். வந்தவன் நேரே புல்லட்டில் ஏறி உட்கார்ந்து ஹேண்டில்பாரை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

"ஆர்சி புக்க எடுத்துட்டு வாலே."

"எதுக்கு?"

"எதுக்கா? வண்டிய ஓட்டிட்டுப் போவண்டாமா? மச்சினன் துபாய்ல இருந்து வந்துருக்கான். பாத்தாம்னா விடமாட்டான்."

"யாரு வண்டிய?"

"உன் வண்டியத்தாம்லே."

"நான் விக்குதேன்னு எவம்லே சொன்னான்?"

"ஜெனி சொல்லிச்சு. நேத்தே நஸீபாவுக்குப் போன் பண்ணி, அவிய சம்மதிச்சாச்சுன்னு சொல்லிட்டுல்லா."

ஸ்டான்லி கையிலிருந்த துணி நழுவித் தண்ணீரில் விழுந்தது. நஸீபா இஸ்மாயிலின் மனைவி. ஜெனி வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில்தான் அவளும் டீச்சர். அங்கே ஒரு சேதி போனால் மணி அடிக்கிறதுக்குள் கடையநல்லூருக்கு வந்துவிடும்.

இஸ்மாயில் பையிலிருந்து ஒரு அல்வாப் பொட்டலத்தை எடுத்து அவன் கையில் வைத்து, அந்தக் கையைப் பிடித்துக் குலுகுலுவென்று குலுக்கினான். "ரொம்ப சந்தோஷம்லே மாப்ள."

"என் வண்டி போவுதது உனக்குச் சந்தோஷமாலே?"

"வண்டிக்கு எவம்லே சந்தோஷப்பட்டான்?" என்று இஸ்மாயில் முழித்தான்.

அதைக் கேட்க ஸ்டான்லி அங்கே எங்கே நின்றான்? அல்வாவும் கையுமாய் அடுக்களைக்குள் பாய்ந்துவிட்டான். ஜெனி சாவகாசமாய்த் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாலு வயது அபி, சுடச்சுடப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"ஏட்டி ஜெனி! புல்லட்ட விக்கச் சொல்லிட்டியா?"

"நான் எங்க சொன்னேன்? நாமல்லா சொன்னோம்."

"நாமளா? எப்ப?"

"நேத்து ராத்திரி. ஜெபத்துல."

ஸ்டான்லி அல்வாப் பொட்டலத்தை அடுப்புத் திண்டில் வைத்தான்.

இந்த இடத்தில் அவனுடைய பவிசைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஸ்டான்லி சபைக் கமிட்டியில் மெம்பர். ஆளைப் பார்த்தால் பக்தி வழியும். வீட்டில் பெண்டாட்டி எதைக் கேட்டாலும் அவனிடம் பதில் ஒன்றுதான். "ஏங்க, ஃபேன் கடகடன்னு சத்தம் போடுது." "ஜெபத்துல வைப்போம் ஜெனி." "பாத்ரூம் குழாய் ஒழுகுதுங்க." "ஜெபத்துல வைப்போம்." "இந்தப் புல்லட்டக் குடுத்துட்டு பழைய காரு ஒண்ணு பாப்பமா?" "கண்டிப்பா ஜெபத்துல வைப்போம்." அடேயப்பா, என்ன சவுகரியமான பதில்! கேட்கிறவர்களுக்குப் பக்தியாகவும் இருக்கும், சொல்கிறவன் இருந்த இடத்தை விட்டு எழும்பவும் வேண்டாம்.

சரி, ராத்திரி குடும்ப ஜெபத்தில் அதையெல்லாம் வைத்தானா? வைத்தான். பாட்டுப் புத்தகத்துக்குள் போனை வைத்தான். சத்தத்தை அணைத்துவிட்டு மேட்சை வைத்தான். ஜெபம் பண்ணுகிற வேலையை ஜெனி தலையில் வைத்தான். அவள் மூச்சு வாங்குகிற இடம் பார்த்து ஒரு 'ஸ்தோத்திரம்', குரல் இறங்குகிற இடம் பார்த்து ஒரு 'ஆமென்'. கல்யாணமானதிலிருந்து ஒரு தடவைகூடப் பிசகினதில்லை. அப்படி ஒரு தேர்ச்சி!

"நீங்கதான எப்பவும் சொல்லுவீங்க, ஜெபத்துல வைப்போம்னு?" என்று ஜெனி தோசையைத் திருப்பிப் போட்டாள். "வச்சேன். 'இந்தப் புல்லட்ட வித்துட்டு ஒரு காரு வாங்க என் வீட்டுக்காரருக்கு மனசைத் தாரும் ஆண்டவரே'ன்னு கேட்டேன். நீங்க ஆமென் சொன்னீங்க."

"அது... அது வந்து..."

"டிவி ஏன் ஓடலைன்னு நினைச்சீங்க?"

"நீ ரீசார்ஜ் பண்ண மறந்துட்டன்னுல்லா..."

"பரீட்சை முடியுத வரைக்கும் டிவி வேண்டாம்னு ஜெபத்துல வச்சேன். ஆமென்னீங்க."

"யாருக்குட்டி பரீட்சை? அபி எல்கேஜி!"

"அத அன்னைக்கே கேட்டுருக்கணும்."

"வேற?"

"இந்த சீசனுக்குக் கூட்டாளிமாரோட அருவிக்குப் போவமாட்டேன்னு..."

"அதுக்குமா!"

"அதுக்குத்தான் ரொம்பச் சத்தமா சொன்னீங்க."

ஸ்டான்லி என்னத்தைச் சொல்வான்? 'நான் கேட்கவே இல்லை' என்றால், 'பிறகு ஜெபத்தில் என்ன பண்ணிக்கொண்டிருந்தீர்கள்?' என்பாள். சபை ஐயர் காதுக்குப் போகும். எங்கள் பக்கம் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயருக்குப் போனால் ஐயரம்மாவுக்குப் போகும். ஐயரம்மாவுக்குப் போனால் அப்புறம் கோயில் மணி எதுக்கு?

வெளியே வந்தால், எல்லாம் காதில் விழுந்த இஸ்மாயில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சிரிக்காதலே, வயித்தெரிச்சலக் கிளப்பாத."

"எங்க வீட்லயும் இதே கததாம் மாப்ள. நீ ஆமென்னு சொல்லுத, நான் ஆமீன்னு சொல்லுதேன். பொண்டாட்டிமாரு காதுல ரெண்டும் ஒண்ணுதான். ஆமாம்மா!" என்றவன், புல்லட்டின் டேங்கை ஒரு தட்டுத் தட்டினான். "நாளைக்கு சாயங்காலம் வாரேன். முடிவச் சொல்லு."

அன்றைக்குக் கடையில் ஸ்டான்லி வெள்ளை கேட்டவருக்கு மஞ்சளைக் கொடுத்தான். மஞ்சள் கேட்ட அண்ணாச்சிக்குப் பெயிண்டில் கலக்குகிற தின்னரைக் கொடுத்தான். மனசெல்லாம் புல்லட். அது போய்விட்டால் தான் யார்? கார் ஓட்டுகிற பெயிண்ட் கடைக்காரன், அவ்வளவுதான். பழைய குற்றாலம் வளைவில் சாரல் மூஞ்சியில் அடிக்க வண்டியைச் சாய்த்து ஓட்டுகிற ஸ்டான்லி செத்தான். நினைக்க நினைக்க அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. கடையைப் பூட்டும்போது ஒரு வீராவேசமான தீர்மானத்துக்கு வந்தான். இன்றைக்கு ஜெபம் நான்தான் பண்ணுவேன். புல்லட்டை ஜெபத்தில் வைப்பேன். ஜெனி ஆமென் சொல்லட்டும், பார்ப்போம்!

சாப்பிட்டு முடித்துப் பாயை விரித்தார்கள். ஸ்டான்லி யாரும் சொல்லாமலே போனைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வந்து முழங்காலில் நின்றான்.

"இன்னைக்கு நான் ஜெபம் பண்ணுதேன்."

"அதிசயமால்லா இருக்கு," என்றாள் ஜெனி. "பண்ணுங்க."

ஸ்டான்லி தொண்டையைச் செருமினான். "எங்களை இம்மட்டும் நடத்தி வந்த கிருபையுள்ள ஆண்டவரே! நீர் எங்களுக்கு இரக்கமாய்த் தந்தருளின இரு சக்கர வாகனத்துக்காக ஸ்தோத்திரம். வெயிலிலும் மழையிலும் அது எங்களைக் கைவிடவில்லை. செங்கோட்டை ரோட்டில் பெட்ரோல் தீர்ந்தபோதும், பங்க் வரைக்கும் அது உருண்டு வந்ததே! இப்படிப்பட்ட வண்டியை எங்கள் குடும்பத்தை விட்டுப் பிரியாமல் காத்துக்கொள்ளும். அதற்கு விரோதமாக எழும்புகிற யோசனைகளை அடியோடு அகற்றும். இதற்கு உமது அடியாளாகிய ஜெனியும் சம்மதிக்கிறாள் ஆண்டவரே. ஜெபம் கேளும், பிதாவே!"

நிறுத்தினான். காத்திருந்தான்.

ஃபேன் கடகடவென்று சுற்றியது. பாத்ரூமில் குழாய் சொட்டியது. ஆமென் வரக் காணோம்.

"அப்பா, முடிஞ்சிட்டா?" என்றாள் அபி.

"இல்லம்மா, அம்மாவும் கொஞ்சம் பண்ணணும்," என்று ஜெனி ஆரம்பித்தாள். "அன்பின் ஆண்டவரே..."

ஸ்டான்லி உதட்டை இறுக்கிக்கொண்டான். செத்தாலும் ஆமென் சொல்லமாட்டேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்பேன். கல்யாணமாகி முதல்முதலாக அவன் பெண்டாட்டி பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டது அன்றைக்குத்தான்.

"உமது அடியான் அவர் வண்டிக்காக உருக்கமா கேட்டதை நீர் கேட்டீர். அதுல நாங்க கோயிலுக்குப் போற கோலத்தையும் நீர் பார்த்துக்கொண்டிருக்கிறீர். முன்னால டேங்க் மேல அபி, பின்னால நான். போன ஞாயித்துக்கிழமை சாரல்ல நனைஞ்சு போய், பிரசங்கம் முழுக்க இந்தப் பிள்ளை தும்மினதை நீர் அறிவீர். அந்த வண்டி போடுத குலுக்கலும் உமக்குத் தெரியும். இப்ப நாங்க மூணு பேரு நாலு பேராகப் போகிறோம் ஆண்டவரே..."

நாலா? ஸ்டான்லி ஒரு கண்ணைத் திறந்தான். மாமியார் வருகிறாளோ?

"...செவ்வாய்க்கிழமை நாங்க ரெண்டு பேருமா உமக்கு நன்றி சொன்னோமே, நீர் எங்களுக்குக் கிருபையாகத் தந்திருக்கிற ரெண்டாவது பிள்ளைக்காக..."

"ஏட்டி!"

"ஜெபத்துக்கு நடுவுல என்ன ஏட்டி?"

"ஏட்டி ஜெனி! ரெண்டாவது... என்னட்டி சொல்லுத? நெசமாவா?"

"செவ்வாய்க்கிழமையே சொல்லியாச்சே."

"எங்கிட்டயா?"

"ஜெபத்துல. நீங்க 'ஆமென், ஆமென்'னு ரெண்டு தடவை கத்தினீங்க. அபிகூடப் பயந்துட்டா."

ஸ்டான்லி அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டான். செவ்வாய்க்கிழமை. கடைசி ஓவர். முதல் இரண்டு பந்தும் சிக்சர். ஐயோ, பாவி மனுஷா!

"டாக்டரம்மாவப் பாத்துட்டு வந்த உடனே ஓடியாந்தேன். 'ஏங்க, ஒரு விஷயம் சொல்லணும்'னேன். நீங்க போன விட்டுத் தலையத் தூக்காம என்ன சொன்னீங்க?"

அவனுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "ஜெபத்துல வைப்போம்," என்றான் ஈனஸ்வரத்தில்.

"வச்சேன்."

"அப்ப காலைல இஸ்மாயில் கையப் பிடிச்சுக் குலுக்கினது..."

"நஸீபாதான எனக்குத் துணைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தா."

தன் பிள்ளை வரப்போகிறது கடையநல்லூர் வரைக்கும் தெரிந்திருக்கிறது. தகப்பனுக்குத் தெரியவில்லை. ஸ்டான்லிக்கு வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. ஜெனியின் கையைப் பிடித்துக்கொண்டான். இனி மறைக்க அவனுக்குத் தெம்பில்லை.

"நான் கேக்கல ஜெனி. மேட்ச் பாத்துட்டு இருந்தேன்."

"தெரியும்."

"தெரியுமா!"

"உங்களுக்குப் பின்னால கண்ணாடி அலமாரி இருக்குல்லா? ஸ்கோரே தெரியும். பத்தொம்பது ஓவர் முடியட்டும்னு காத்திருந்துதான் பிள்ளை விஷயத்துக்கு வந்தேன்."

"ஜெபத்துல நீ கண்ண மூடவே மாட்டியா?"

"ரெண்டு பேரும் மூடிக்கிட்டா வீட்ட யாருங்க பாக்குதது?"

ஸ்டான்லி வாயைப் பிளந்தான். "பெறவு ஏம்ட்டி எங்கிட்ட நேரா சொல்லல?"

ஜெனி பாயின் ஓரத்தை நீவிவிட்டாள். "நீங்களா என்னைக்குத்தான் கேக்குதீங்கன்னு பாத்தேன்," என்றாள். சொல்லும்போது குரல் லேசாக உடைந்தது.

"கோவமா இருக்கியா?"

"இருந்தேன். அதான் வண்டி போவுது."

ஸ்டான்லி எழுந்து போய் ஃபிரிட்ஜ் மேலிருந்த போனை எடுத்து இஸ்மாயிலைக் கூப்பிட்டான். "மாப்ள, நாளைக்கு வந்து வண்டிய எடுத்துக்கோ. நல்ல காரு ஒண்ணு பாரு. குலுங்கக் கூடாது." சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தான். இருட்டில் புல்லட் நனைந்துகொண்டு நின்றது. நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. ஆனால் திரும்பி ஜெனியைப் பார்த்தபோது வலி அத்தனை பெரிதாகத் தெரியவில்லை. போனை அணைத்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டு, அபியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

அப்போதுதான் அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஜெனி... வேற எதுக்கும் நான் ஆமென் சொல்லிருக்கேனா?"

ஜெனி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "இதக் குடிங்க முதல்ல."

"சொல்லுட்டி, பயமா இருக்கு."

"நாளைக்கு ஆண்கள் ஞாயிறுல்லா? சபையில ஒரு ஆம்பளதான் பிரசங்கம் பண்ணணும், ஆள் கிடைக்கலன்னு ஐயர் ரொம்ப வருத்தப்பட்டாவ. 'என் வீட்டுக்காரர எடுத்துப் பயன்படுத்தும் ஆண்டவரே'ன்னு வியாழக்கிழமை ஜெபத்துல வச்சேன். அன்னைக்கு விக்கெட் விழுந்துச்சு போல, எழும்பி நின்னுல்லா ஆமென் சொன்னீங்க. ஐயர்ட்ட உடனே சொல்லிட்டேன். போர்டுலயும் எழுதிப் போட்டாச்சு."

"பிரசங்கமா? நானா? எதப் பத்திட்டி?"

"கவனம் சிதறாத ஜெபம்."

ஸ்டான்லி செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தான். அவன் மடியிலிருந்த அபிதான் இரண்டு கையையும் கூப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஆமென்!" என்றாள்.