முப்பத்தொன்றாவது கேள்விக்கு முழு மதிப்பெண்

கோழிப் பண்ணைகளைச் சோதிக்கும் ஆடிட்டர்களுக்கு மூன்று நாள் பயிற்சித் திட்டம் வகுத்துக் கொடுத்தபோது, நான் ஒரு கோழியைக்கூடக் கையால் தொட்டதில்லை. இப்போது இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்போது கொஞ்சமும் வெட்கமாக இல்லை, அதனால்தான் இந்தக் கதையே நடந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து நான்கு வயது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த பயிற்சி நிறுவனத்தில் வேலை. நிறுவனம் என்றால் ஆறேழு நாற்காலி, ஒரு டைப்ரைட்டர், ஒரு ஓவர்ஹெட் புரொஜெக்டர், முதலாளி தேவசகாயம் சார், அப்புறம் நான். யார் எதற்குப் பயிற்சி கேட்டாலும் கொடுப்போம். தீ பிடித்தால் என்ன செய்வது, கோப்புகளை எப்படி அடுக்குவது, வாடிக்கையாளரைப் பார்த்து எப்படிச் சிரிப்பது. (சிரிப்பு வகுப்பை எடுத்தவர் தேவசகாயம் சார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.)

அப்போது ஒரு பிஸ்கட் கம்பெனி எங்களைத் தேடி வந்தது. தாங்கள் முட்டை வாங்கும் பண்ணைகள் சுத்தமாக இருக்கின்றனவா என்று மாதாமாதம் போய்ப் பார்க்க ஆறு பேரை நியமித்திருந்தார்கள். ஆறு பேரும் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருந்தவர்கள்.

"கோழியைப் பத்தி உனக்கு ஏதாவது தெரியுமாம்மா?" என்றார் சார்.

"படிச்சுக்கறேன் சார்."

படித்தேன். இரண்டு புத்தகம், ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தில் அறுபத்து நான்கு கேள்விகள் கொண்ட ஒரு சோதனைத் தாளைத் தயாரித்துவிட்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள். டிக் அடித்தால் போதும். கோழிகளைப் பற்றி உலகத்தில் இனிமேல் யாரும் எதுவும் எழுத வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆடிட்டர் என்றால் ஒரு கம்பீரம் வேண்டும் என்று ஏழு வெள்ளைக் கோட்டுகள் வேறு தைக்க வைத்தேன். ஏழாவது எனக்கு. கம்பெனி தன் பங்குக்கு ஆறு பேருக்கும் புது ஷூ வாங்கிக் கொடுத்தது.

முதல் இரண்டு நாள் வகுப்பறையில். இரண்டாம் நாள் மதியம் நடிப்புப் பயிற்சி: மூன்று பேர் ஆடிட்டர், மூன்று பேர் கோழி. கோழியாகக் குந்தியிருந்த ஒருவர் பாதியில் எழுந்து, "மேடம், எனக்கு ரெண்டு பசங்க கீறாங்க. விட்டுடுங்க" என்றார். ஈடுபாடு போதவில்லை என்று அவருக்கு மதிப்பெண் குறைத்தேன்.

மூன்றாம் நாள் நேரடிச் சோதனை. ஒரு வேனில் ஏறி, கோட்டு போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

முதலில் காட்டாங்குளத்தூரைத் தாண்டி ஒரு பெரிய பண்ணை. வாசலில் எங்களை யாரும் நிறுத்தவில்லை. உள்ளே ஒரு மூலையில் கொஞ்சம் கோழிகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றன. பண்ணை மேஸ்திரி, "வெயிலும்மா, அதான் டல்லா கீது" என்றார். என் தாளில் பன்னிரண்டாவது கேள்வி, 'கோழிகள் பதற்றமின்றி அமைதியாக உள்ளனவா?' இதைவிட அமைதியான கோழிகள் கிடைக்காது.

ஆறு பேரில் குமரேசன் என்று ஒருவர். குரோம்பேட்டைக்காரர். சிறு வயதில் வீட்டில் கோழி வளர்த்தவராம். அவர் மட்டும் டிக் அடிக்காமல் நின்றார்.

"மேடம், இது தூங்குற மாதிரி தெரியல. கண்ணு சொருவுது. கழிச்சலும் பச்சையா கீது பாருங்க."

"குமரேசன் சார், கேள்வியில என்ன இருக்கோ அதை மட்டும் பாருங்க."

அவர் 'ஆம்' என்று டிக் அடித்தார். கழிச்சலைப் பற்றி அறுபத்து நான்கு கேள்விகளில் ஒன்றுகூட இல்லை.

சாப்பிட்டுவிட்டு, அதே கோட்டு அதே ஷூவோடு, சிங்கப்பெருமாள் கோவில் ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு சின்னப் பண்ணைக்குப் போனோம். கன்னியம்மா என்ற ஒரு பெண்மணி நடத்தி வந்தது. நாற்பது வயதிருக்கும். கணவர் பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஒற்றைக் கொட்டகை, அறுநூறு கோழி. எல்லாவற்றையும் அவர் ஒருவராகவே பார்த்துக்கொண்டார்.

கேட்டுக்கு உள்ளே தரையில் சிமெண்டால் கட்டிய ஆழமில்லாத ஒரு தொட்டி. அதில் ஊதா நிறத் தண்ணீர். குமரேசன் காலைத் தூக்கி அதில் வைக்கப் போனார்.

"சார், புது ஷூ! கறையாயிடும். தாண்டி வாங்க எல்லாரும்" என்றேன்.

கன்னியம்மா ஓடி வந்தார். "இல்லம்மா, அது வந்து, கால..."

"பரவால்லக்கா, நாங்க தாண்டிடறோம்."

புடவையை லேசாகத் தூக்கிக்கொண்டு முதலில் தாண்டியவள் நான்தான். பின்னாலேயே ஆறு பேரும் வரிசையாகத் தாண்டினார்கள். கன்னியம்மா வாயை மூடிக்கொண்டார். வெள்ளைக் கோட்டு போட்ட ஏழு பேரிடம் என்ன பேசுவது?

உள்ளே போய் டிக் அடித்தோம். முப்பத்தொன்றாவது கேள்வி, 'நுழைவாயிலில் கால் நனைக்க மருந்துத் தொட்டி உள்ளதா?' ஆறு பேரும் 'ஆம்'. ஆறு பேருக்கும் முழு மதிப்பெண் போட்டேன். அந்தத் தொட்டி எதற்கு என்று நான் படித்திருந்தேன். எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் அது என் காலுக்கும் சேர்த்துத்தான் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

அந்தச் சோதனை முடிந்து ஒன்பதாம் நாள் குமரேசன் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரவில்லை.

"மேடம், காட்டாங்குளத்தூர்ல பாத்தோமே, அந்தப் பண்ணையில எல்லாம் பூட்ச்சாம். வெள்ளைக் கழிச்சல்னு ஒரு தொத்து நோயாம். இப்ப கன்னியம்மா அக்கா வூட்டுலயும் ஆரம்பிச்சிருக்குதாம்."

செங்கல்பட்டு மின்சார ரயிலைப் பிடித்து, கன்னியம்மாவின் பண்ணைக்குப் போனேன். அந்தக் கொட்டகையில் முதல் தடவை போனபோது பேசினால் காது கேட்காத அளவுக்குச் சத்தம் இருந்தது. இப்போது கேட்டிலிருந்தே ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே சில கோழிகள் கழுத்து முறுக்கிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி ஒரே இடத்தில் சுற்றின. மற்றவை படுத்திருந்தன. வாசலில் கால்நடை டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"எப்படி வந்துச்சுன்னு உறுதியா சொல்ல முடியாதும்மா. காக்கா கொண்டு வரும், தீவன மூட்டையில வரும். வெளியாளுங்க யாராவது உள்ள வந்தாங்களா?"

கன்னியம்மா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாங்க வந்தோம் டாக்டர்" என்றேன். "இன்னொரு பண்ணைக்குப் போயிட்டு நேரா வந்தோம். தொட்டியில கால் வைக்கல."

டாக்டர் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். அவர் கிளம்பியதும் கன்னியம்மா பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"அன்னிக்குக் காலைல தண்ணியில இந்த நோவுக்குத் தடுப்பு மருந்து கலந்து குடுக்கணும். கம்பெனிக்காரங்க வர்றாங்கோ, தண்ணி டப்பாலாம் கழுவி பளிச்சுனு வெக்கணும்னு மக்கா நாளுக்குத் தள்ளிக்கினேன். உனுக்காகத்தான் தள்ளுனேன். நான் வாயத் தொறக்கறேன், நீ பாட்டுக்குத் தாண்டிக்கினு போற. படிச்ச பொண்ணு, தெரியாமயா செய்யும்னு உட்டுட்டேன்."

எனக்கு அழுகை வந்தது.

"இங்க நின்னு அழுவாத. அந்தச் சாக்கப் புடி."

பிடித்தேன். கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டியிருந்தது. காலைப் பிடித்துத் தூக்கி, சாக்கில் போட்டு, இழுத்துக்கொண்டு போய்க் குழியில் கொட்டி, மேலே சுண்ணாம்பு தூவ வேண்டும். என் வாழ்க்கையில் நான் முதன்முதலாகத் தொட்ட கோழி செத்த கோழி. இவ்வளவு லேசாக இருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அன்று மாலை வரைக்கும் செய்தேன், அடுத்த இரண்டு நாளும் போனேன். நானூறுக்கு மேல் நான் எண்ணவில்லை. அவர் எண்ணினார்.

நடந்ததை எல்லாம் எழுதிக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்று தேவசகாயம் சாரிடம் சொன்னேன். "அவங்க கேட்டாங்களா?" என்றார். "கேக்காததை எதுக்கும்மா எழுதறே?" நான் எழுதினேன். நீண்ட நேரம் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அந்தக் கம்பெனி அதற்குப் பிறகு எங்களைக் கூப்பிடவே இல்லை. வெள்ளைக் கோட்டுகளை அலுவலக மாடியிலேயே எரித்தேன். (ஜெராக்ஸ் கடைக்காரர் தீ விபத்து என்று நினைத்து வாளியோடு ஓடி வந்தார். நாங்கள் பயிற்சி கொடுத்த ஆள்.)

கன்னியம்மா அக்கா ஏழு மாதம் கொட்டகையைக் காலியாகப் போட்டுவிட்டு, ஒரு மோட்டார் உதிரிபாகக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனார். பிறகு மறுபடியும் குஞ்சு இறக்கினார். கேள்விப்பட்டதும் பார்க்கப் போனேன். போகும்போது தலைக்குக் குளித்து, துவைத்த புடவை கட்டி, தொட்டியில் இறங்க வசதியாக ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு போனேன்.

அக்கா கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, கேட்டுக்கு மேலாக எனக்கு நீட்டினார்.

"அங்கியே குந்து. டீ கொண்டாரேன்."

கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். டீ குடித்தோம். அவர் பெண்ணுக்குப் பரீட்சை வருவதைப் பற்றிப் பேசினார். கோழியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வருடத்தில் இரண்டு மூன்று தடவையாவது போகிறேன். எனக்குக் கல்யாணமாகி, குழந்தைகள் பிறந்து, அவர்களையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர்களுக்கும் வெளியிலேயே நாற்காலி. அக்காவின் பெண் கல்யாணத்துக்கு மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள், அங்கே கோழி இல்லை என்பதால். அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு என் பெயர் தெரியாது. தூரத்தில் நான் வருவதைப் பார்த்ததும், "ஆயா, கேட்டு அத்தை வந்துகினு கீறாங்கோ!" என்று கத்துவார்கள். வீடே சிரிக்கும். அக்கா சிரித்துக்கொண்டே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவார்.

கொட்டகை இப்போது இரண்டாகிவிட்டது என்று சொல்கிறார்கள். உள்ளே எத்தனை கோழி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சத்தத்தை வைத்து, நிறைய இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.