பாயில் உட்கார்ந்து பந்தாடுபவர்

கால்பந்தில் ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர் ஆடுகிறார்கள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், உங்களை யாரோ நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். பன்னிரண்டாவது ஆள் ஒருவர் உண்டு. அவர் மைதானத்துக்கு வருவதில்லை. மைதானத்துக்கு ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி, பாயில் சம்மணம் போட்டு, வாயில் கிராம்பு சிகரெட்டும் கையில் தெம்பே என்ற வறுத்த சோயாத் துண்டுமாக உட்கார்ந்திருக்கிறார். பந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அவர்தான். முன்வரிசை ஆட்டக்காரர் உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பினால் உதைத்தவரைத் திட்டாதீர்கள்; அந்த நொடியில் இவர் காலை மாற்றிப் போட்டிருப்பார். இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் ராசிக்காரர்.

ராசிக்காரர் எந்த ஊரிலும் கிடைப்பார். ஆனால் நன்றாக முற்றிய ரகம் வேண்டுமென்றால், தென்கிழக்கு ஆசிய நாடுகள் கோப்பைக்காக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மோதிக்கொள்ளும் நாட்களில், ஜகார்த்தாவிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள சோலோ நகரத்தில் எங்கள் சந்துக்கு வர வேண்டும். ஆறு முறை எங்கள் அணி இறுதிப் போட்டிக்குப் போனது. ஆறு முறையும் இரண்டாம் பரிசோடு திரும்பி வந்தது. தாய்லாந்துக்காரன் கோப்பையைத் தூக்கிவிட்டான், வியட்நாம்காரன் தூக்கிவிட்டான், மலேசியாக்காரன் தூக்கிவிட்டான், எங்கள் ஒரு மாவட்டத்துக்குள் மடித்து வைத்துவிடலாம் போலிருக்கும் சிங்கப்பூர்க்காரன்கூட நான்கு தடவை தூக்கிவிட்டான். இருபத்தெட்டுக் கோடி ஜனத்தில் ஒழுங்காக உதைக்கப் பதினொரு பேர் இல்லையா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்களுக்குக் காரணம் தெரியும். யாரோ ஒருவர் தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

அது யார் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பைத் தலைமேல் போட்டுக்கொண்டவர் பாக் சுபர்லான். (எங்கள் ஊரில் பாக் என்றால் ஐயா, மாஸ் என்றால் அண்ணன், இபு என்றால் அம்மா.) மோட்டார் சைக்கிள் சீட்டுகளுக்கு உறை தைப்பது அவர் தொழில். ஆட்ட நாளன்று சந்து முனைக் காவல் கொட்டகையில் வெள்ளைத் துணி கட்டி, புரொஜெக்டர் வைத்து, முப்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து பார்ப்போம். பாக் சுபர்லான் எங்கள் அணியின் கருடன் பொறித்த சிவப்புச் சட்டையில் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்து, ஒரு கண்ணைத் துணியிலும் மறு கண்ணை எங்கள் மீதும் வைத்திருப்பார். மடியில் ஒரு நோட்டு. யார் எங்கே உட்கார்ந்தார், என்ன உடுத்தினார், எந்த நிமிடத்தில் தும்மினார் என்பதெல்லாம் அதில் ஏறும். "இன்னைக்கு ஜெயிச்சிடுவோம்" என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் அவர் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு.

"மாஸ் தர்யோ, எங்க எழுந்து போறீங்க?"

"ஒண்ணுக்குப் போறேன் பாக்."

"போகக் கூடாது. போன தடவை நீங்க போனப்பதான் மலேசியாக்காரன் அடிச்சான்."

"அது பத்துப் பதினஞ்சு வருசம் ஆச்சே பாக்!"

"மலேசியாக்காரன் மறந்திருப்பான். பந்து மறக்காது."

தர்யோ அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் பரவாயில்லை. சந்துத் தலைவர் பாக் முல்யாதியின் கதி என்ன தெரியுமா? அவர் ஒருமுறை பச்சைச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தார், அன்றைக்கு நாங்கள் தோற்றோம். அதற்குப் பிராயச்சித்தமாக அடுத்த இறுதிப் போட்டியைத் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து, இடது வலது மாறிப் பார்த்தார் மனிதர். எங்கள் பையன்கள் முன்னேறும்போதெல்லாம் பின்வாங்குகிறார்கள் என்று கத்தினார். அப்போதும் தோற்றோம். துணிக்குப் பின்னால் உட்கார்ந்தவர் மனதில் ஒன்றை முடிந்து வைத்துக்கொண்டார்.

இந்த வருடம் அரையிறுதி அன்று பாக் சுபர்லான் ஊரில் இல்லை. மனைவி வழி உறவில் ஒரு கல்யாணம், வொனொகிரிக்குப் போனவர் மழையில் மாட்டிக்கொண்டார். கல்யாண வீட்டில் டிவியும் இல்லை, போனில் சிக்னலும் இல்லை. இங்கே தர்யோ மூன்று தடவை எழுந்து போனார், பாக் முல்யாதி பச்சைச் செருப்போடு கால்மேல் கால் போட்டுக்கொண்டார், பெண்கள் முதல் நிமிடத்திலிருந்தே ஜெயித்துவிட்டோம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் அணி நாலுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் பாக் முல்யாதி கொட்டகை அலமாரியிலிருந்து அந்த நோட்டை எடுத்து வீட்டுக்குக் கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்துச் சந்துக் கூட்டம். எங்கள் ஊரில் கையைத் தூக்கச் சொல்லி எண்ணுவதெல்லாம் கிடையாது. எல்லோரும் ஒரே மனதாக ஒத்துக்கொள்ளும்வரை பேசிக்கொண்டே இருப்போம், குற்றவாளி உட்பட. பாக் முல்யாதி இறைவனுக்கு நன்றி சொன்னார், வந்தவர்களுக்கு நன்றி சொன்னார், பலகாரப் பெட்டி தந்தவர்களுக்கு நன்றி சொன்னார், சாக்கடை அடைப்பைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். பிறகு நோட்டை மெதுவாகத் திறந்தார்.

"நான் யாரையும் குத்தம் சொல்லலைங்க. சும்மா புரட்டிப் பார்த்தேன். ஆறு இறுதிப் போட்டியிலயும் தவறாம வந்து உட்கார்ந்த பேர் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. மத்த எல்லாரும் ஏதாவது ஒரு தடவையாவது வராம இருந்திருக்காங்க. அந்தப் பேரை நான் சொல்ல மாட்டேன். கையெழுத்து மட்டும் ரொம்ப அழகா இருக்கு."

முப்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் பலகாரப் பெட்டிக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள்.

பாக் சுபர்லானின் காது சிவந்தது. ஆனாலும் சோலோக்காரர் அல்லவா, சிரித்துக்கொண்டே சொன்னார்: "அப்படின்னா... சந்தோட நன்மைக்காக, நான் வேணா வராம இருந்துடறேனே."

இங்கேதான் அவர் தவறு செய்தார். எங்கள் ஊரில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் வாசலில் போகிறவரை "வாங்க, சாப்பிடலாம்" என்று கூப்பிடுவார். போகிறவர் "இப்பதான் ஆச்சு" என்பார். இரண்டு பேருக்கும் மனம் குளிரும். வயிறு காய்ந்தாலும் யாரும் உள்ளே போய் உட்கார மாட்டார்கள். அதே கணக்கில்தான் அவர் சொன்னார். "அய்யய்யோ, என்ன பாக் இப்படிப் பேசறீங்க" என்று இவர்கள் மறுக்க வேண்டும், அவர் மறுபடி வற்புறுத்த வேண்டும், இவர்கள் மறுபடி மறுக்க வேண்டும், மூன்றாவது சுற்றில் அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு தன் பாயைத் திரும்ப ஏற்றுக்கொள்ள வேண்டும். அதுதான் முறை.

"ரொம்பப் பெரிய மனசு பாக்!" என்றார் முல்யாதி. எல்லோரும் கை தட்டினார்கள். உடனே முடிவுப் பிரார்த்தனை ஆரம்பித்துவிட்டது. பிரார்த்தனைக்கு நடுவே எழுந்து ஆட்சேபிக்கிறவன் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

அவரைப் பார்த்துச் சிரிக்கலாம், நானும் சிரித்தேன். ஆனால் அன்று வீட்டுக்குப் போனதும் அவர் அந்தச் சிவப்புச் சட்டையை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தார். வயது ஐம்பத்தெட்டு. வீடு, நிலம் என்று எதற்கும் ஆசைப்பட்டவர் இல்லை. சிவப்புச் சட்டைக்காரர்கள் அந்தக் கோப்பையைத் தூக்குவதை ஒரே ஒரு தடவை, தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

இறுதிப் போட்டி வந்தது. பாங்காக்கில் நடந்த முதல் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. ஜகார்த்தாவில் நடக்கும் இரண்டாவதில் ஜெயிப்பவருக்குக் கோப்பை. சாயங்காலமே பாக் முல்யாதி வந்து சுபர்லானின் போனையும் பழைய ரேடியோவையும் மிகுந்த மரியாதையோடு வாங்கிக்கொண்டு போனார். கொட்டகைக்கு நேர் எதிரே இருக்கும் தன் பட்டறையின் இரும்பு ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்காரத் தயாரானார் பாக் சுபர்லான். அப்போது, வாழ்நாளில் ஒரு ஆட்டம்கூடப் பார்த்தறியாத அவர் மனைவி இபு துமினி புதுத் துப்பட்டா போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"நீ எங்க போற?"

"உங்க பாய் சும்மாதானே கிடக்குது!"

உள்ளே அவர் ஒரு சீட்டு உறையை எடுத்துத் தைக்க ஆரம்பித்தார். இருபதாவது நிமிடத்தில் வெளியே "அடச்சே" என்று ஒரு பெரிய முனகல். தாய்லாந்து ஒன்று போட்டுவிட்டது. அரை நிமிடத்தில் ஷட்டர் தடதடத்தது.

"பாக், பார்க்கறீங்களா?" முல்யாதியின் குரல்.

"சத்தியமா இல்ல பாக்!"

"காதுல விழுதா?"

"காதை எங்க பாக் கழட்டி வைக்கிறது?"

"சரி, மனசுல நினைக்கிறீங்களா?"

"நினைக்காம எப்படி பாக் இருக்க முடியும்?"

"அதான் பார்த்தேன்! நினைக்காதீங்க!"

நினைக்காமல் இருக்கப் பாடுபட்டார். சாக்கடை அடைப்பை நினைத்தார், கல்யாண வீட்டுச் சாப்பாட்டை நினைத்தார். இரண்டாம் பாதியில் சந்தே அதிரும்படி ஒரு கூச்சல். சமன்! ஊசி அப்போது அவருடைய இடது கையில் இருந்தது. அதற்குப் பிறகு வலது கைக்கு மாற்றுவாரா? இடது கையாலேயே கோணல் கோணலாகத் தைத்தார். விரலில் நான்கு இடத்தில் குத்தியது. நாட்டுக்காக என்றால் நான்கு குத்து ஒரு பொருட்டா?

எண்பத்தைந்தாவது நிமிடம் இருக்கும். வெளியே மூச்சுச் சத்தம்கூட இல்லை. அந்த அமைதியை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. ஷட்டரில் சட்டைப் பொத்தான் அளவுக்குத் துருப்பிடித்த ஓட்டை ஒன்று இருந்தது. எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். போய் வலது கண்ணை அதில் ஒட்டிக்கொண்டார்.

தர்யோவின் தலை தெரிந்தது, துமினியின் துப்பட்டா நுனி தெரிந்தது, இரண்டுக்கும் நடுவே துணியில் கால் பங்கு தெரிந்தது. மூலையிலிருந்து யாரோ பந்தை உதைத்தார்கள். பந்து அவருடைய கால் பங்கை விட்டு வெளியே போயிற்று, திரும்பி வந்தது, சிவப்புச் சட்டைக்கு மேலே ஒரு மொட்டைத் தலை எம்பியது, வலை குலுங்கியது. பார்த்துவிட்டார். பார்த்தே விட்டார்! வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுதாரே தவிர, கண்ணை எடுக்கவில்லை. கண்ணை வைத்திருக்கும்போது விழுந்த கோல், எடுத்தால் என்ன ஆகுமோ? கழுத்து பிடித்துக்கொண்டது, துரு உறுத்தியது. கடைசி விசில் வரை அசையாமல் நின்று, கோப்பையைத் தூக்கியதில் கால் பங்கைப் பார்த்தார்.

சந்தே ஷட்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. அதற்குள் அவர் ஓடிப்போய் ஊசியைப் பிடித்திருந்தார். அப்படியே தோளில் ஏற்றினார்கள். "நீங்க பார்க்காததாலதான் பாக்! உங்க தியாகம் பாக்!" என்று பாக் முல்யாதி கதறி அழுதார். "இனிமே எப்பவும் இதே ஏற்பாடுதான். எல்லாருக்கும் சம்மதம்தானே?" சம்மதம் என்று சந்து முழங்கியது. தோளில் இருந்தவர் வாசல் வழியே தன் பாயைப் பார்த்தார். இதே ஏற்பாடு என்றால், இனி ஆயுசுக்கும் பாய் கிடையாது.

அப்போதுதான் முல்யாதி நிமிர்ந்து பார்த்தார்.

"பாக்... அது என்ன கண்ணைச் சுத்தி வட்டமா, பழுப்பா?"

தோளிலிருந்து மெல்ல இறக்கினார்கள். துரு வட்டம் அச்சடித்தது போலிருந்தது.

"பார்த்தேன்," என்றார் பாக் சுபர்லான். "கடைசி கோலைப் பார்த்தேன். மன்னிச்சிடுங்க."

இபு துமினிதான் முதலில் பேசினார். "நீங்க பார்த்தும் ஜெயிச்சுட்டாங்கன்னா, இத்தனை வருசமா ராசி ராசின்னு எல்லாரையும் ஒண்ணுக்குக்கூட விடாம உட்கார வெச்சதெல்லாம் சும்மாவா?"

எங்கள் சந்து அறிவின் வாசற்படியில் ஒரு காலை வைத்து நின்ற கணம் அது. இன்னொரு காலையும் வைத்திருந்தால் தர்யோ அடக்கியதற்கும், முல்யாதி துணிக்குப் பின்னால் உட்கார்ந்ததற்கும், முப்பத்திரண்டு வீட்டார் மூச்சைப் பிடித்ததற்கும் அர்த்தமே இல்லை என்று ஆகியிருக்கும். அதைத் தாங்கும் சக்தி யாருக்கு இருக்கிறது?

பாக் முல்யாதி தொண்டையைச் செருமினார். "எந்தக் கண்ணால பார்த்தீங்க?"

"வலது கண்ணு."

"வலது மட்டுமா?"

"வலது மட்டும்தான். ஓட்டை ஒண்ணுதானே பாக் இருக்கு!"

"அப்படிச் சொல்லுங்க!" என்றார் முல்யாதி. முப்பத்திரண்டு வீட்டாரும் சேர்ந்து மூச்சு விட்டார்கள். "அப்போ இத்தனை வருசமும் கோளாறு இடது கண்ணுலதான் இருந்திருக்கு." உடனே ஒரே மனதாகத் தீர்மானம் ஆனது.

இப்போது ஆட்ட நாளன்று நீங்கள் எங்கள் சந்துக்கு வந்தால், முன்வரிசைப் பாயில் பாக் சுபர்லான் கம்பீரமாக உட்கார்ந்திருப்பார். அவரும், அவரைச் சுற்றிலும் பெரியவர், சிறியவர், சந்துத் தலைவர் எல்லோரும் இடது கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியிருப்பார்கள். இபு துமினி மட்டும் கட்டுவதில்லை. அவர் பெயருக்குக் கீழே நோட்டில் ஏழெட்டுச் சிவப்புக் கோடு.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். நீங்கள் படித்தவர், உங்களுக்கு இந்த மூடநம்பிக்கை எல்லாம் கிடையாது. போன கிரிக்கெட் இறுதிப் போட்டியின் கடைசி ஓவரில், தண்ணீர்ச் சொம்போடு ஹாலுக்கு வந்த உங்கள் வீட்டம்மாவை "நீ அங்கேயே நில்லு, அசையாதே" என்று கதவோரம் நிறுத்தி வைத்தவர் வேறு யாரோவாகத்தான் இருக்க வேண்டும். எதற்கும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். பாவம், இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தால் உட்காரச் சொல்லுங்கள். சொல்வதற்கு முன்னால் ஸ்கோர் என்ன என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.